பிளாஸ்டிக் பிரிக்காத லீவர் துப்பாக்கி

ஒட்டுப் பிரிக்காத பெட்டியைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். அது ஒரு வியாதி என்கிறாள் என் மகள். போன வாரம் மருமகன் புது மிக்ஸி வாங்கி வந்தார். அவர் சட்டை மாற்றி வருவதற்குள் நான் பெட்டியைப் பிரித்து, பிளேடைச் சுற்றிப் பார்த்து, ஜாடியின் மூடி சரியாக உட்காரவில்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

"அப்பா, அது மிக்ஸிப்பா. துப்பாக்கி இல்ல," என்றாள் மகள்.

"மூடி ஒழுங்கா உக்காரலைன்னா சட்னி செவுத்துல இருக்கும். கொண்டு போய் மாத்திட்டு வரச் சொல்லு."

மருமகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் மாற்றிக்கொண்டு வந்தார். இப்போது சட்னி ஜாடிக்குள்ளேயே இருக்கிறது. அதை யாரும் பாராட்டவில்லை என்பது வேறு விஷயம்.

என் பெயர் சேவியர். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். துபாயில் வேட்டைச் சாமான்கள் விற்கும் கடையொன்றின் பின்னறையில் என் உழைப்புக் காலத்தின் பெரும்பகுதி போயிற்று. புதிதாக வந்து இறங்கும் துப்பாக்கிகளைச் சரிபார்த்து வாங்குபவர் கைக்கு அனுப்புவது வேலை. குடியிருப்பு அஜ்மான். அங்கே வாடகை குறைவு. அந்த லாபத்தையெல்லாம் தினசரிப் பயணத்தில் என் முதுகு கொடுத்து அடைத்தது. ஓய்வுக்குப் பிறகும் அதே அஜ்மானில்தான், நர்ஸ் வேலை பார்க்கும் மகள் வீட்டில் இருக்கிறேன்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் தவமணி. யாழ்ப்பாணத்துக்காரி, நடுத்தர வயது. கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் கடைக்கு வந்து, நான் விட்ட இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கிறார். துப்பாக்கியை அவர் துவக்கு என்பார். சில நாள் முன்னால் போன் செய்தார்.

"அண்ண, ஒரு விசயம் கேக்கோணும். புதுத் துவக்கு வந்தா இனிப் பெட்டியத் திறக்க வேண்டாமாம். விற்பனைப் பகுதிக்கு வந்திருக்கிற புது மனேஜர் சொல்லுறார். வாங்கிற ஆக்களே வீடியோ எடுத்துக்கொண்டு திறப்பினமாம். கொம்பனி செக் பண்ணித்தானே அனுப்புது, நீங்கள் ஏன் பிளாஸ்டிக்கைக் கிழிக்கிறியள் எண்டு கேக்கிறார்."

"நீ என்ன சொன்ன?"

"திறக்கோணும் எண்டுதான் சொன்னனான். ஏன் எண்டு கேட்டா, அவருக்கு விளங்கிற மாதிரிச் சொல்ல எனக்கு வாய் வருகுதில்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, தவமணி மேல் அல்ல. இந்த உத்தரவு என் காலத்திலும் ஒருமுறை வந்தது. அன்றைக்கே அதற்குப் பதில் சொல்லியாயிற்று. அந்தப் பதிலைத்தான் எழுதுகிறேன்.

நான் தொழில் படித்த கதை சிறியது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர். பிறகு துபாயில் கப்பல் பழுது பார்க்கும் யார்டு. அங்கே அரம் பிடிக்கும் என் கையைப் பார்த்த ஒருவர் இந்தக் கடைக்கு அனுப்பிவைத்தார். துப்பாக்கியை அதுவரை நான் போலீஸ்காரர் தோளில் மட்டுமே பார்த்திருந்தேன். இன்றுவரை ஒரு கொக்கைக்கூடச் சுட்டதில்லை. சுடும் ஆசையும் வந்ததில்லை.

பின்னறைக்குத் தலைவர் இத்ரீஸ். சூடான்காரர், நல்ல உயரம், வெள்ளைத் தாடி. அவர் ஒரு துப்பாக்கியைத் தொடுகிற விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் கை கழுவுவார். சோப்புப் போட்டு, விரலிடுக்கு வரை, அவசரமே இல்லாமல். வெளியே யார் காத்திருந்தாலும் சரி, முதலாளியே நின்றாலும் சரி, கழுவி முடிந்து துடைத்த பிறகுதான் திரும்புவார். மேசையில் பச்சைக் கம்பளித் துணி. அதன் மேல் துப்பாக்கியைப் படுக்கவைத்து, குழல் வாய் எப்போதும் மூலையில் இருக்கும் மணல் பீப்பாயைப் பார்த்திருக்கும்படி திருப்புவார். ஒருநாளும் குரல் உயர்த்த மாட்டார். நன்றாகச் செய்தாய் என்றும் சொல்ல மாட்டார். நான் பார்த்து முடித்து நிமிர்ந்தால் இரண்டே வார்த்தைதான்: "மர்ரா தானி." இன்னொரு தடவை என்று அர்த்தம்.

ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். ஏதோ குற்றம் கண்டுபிடித்துவிட்டார், நாம்தான் கவனிக்கவில்லை என்று மறுபடி தேடுவேன். ஒன்றும் இருக்காது. "குறை எங்கே?" என்று கேட்டால், "எனக்கு எப்படித் தெரியும்? பார்க்கிறவன் நீ," என்பார். இந்த மனுஷனோடு காலம் தள்ள வேண்டுமா என்று பஸ்ஸில் புலம்பிக்கொண்டே அஜ்மான் வந்து சேர்ந்த நாட்கள் உண்டு.

லீவர் துப்பாக்கி என்பது விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தைக் கையால் கீழே தள்ளி, மேலே இழுத்து, அடுத்த தோட்டாவை ஏற்றுகிற வகை. பார்க்க அழகு. வழவழப்பான மரக் கட்டை, கறுத்த இரும்பு. வாங்க வருகிறவர்கள் அந்த அழகைத்தான் பார்ப்பார்கள். நாற்காலியில் சாய்ந்தபடி லீவரை மெதுவாகத் தள்ளி, மெதுவாக இழுத்து, "ஆஹா, வெண்ணெய்" என்பார்கள். காட்டில் யாரும் அப்படி மெதுவாக இழுக்கப் போவதில்லை.

நாங்கள் பார்க்கிற முறை வேறு. முதலில் லீவரைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலையும் விட்டுத் தடவ வேண்டும். புதுத் துப்பாக்கியில் தோட்டா எங்கிருந்து வரும் என்று கேட்கிறவனுக்குப் பின்னறையில் இடமில்லை. அடுத்தது மரமும் இரும்பும் சேருகிற இடம். நகத்தை ஓட்டினால் தடுக்கக் கூடாது, சிக்கவும் கூடாது. இந்த நாட்டில் இது முக்கியம். குளிர்ந்த நாட்டில் கடைந்த மரம் இங்கே ஏசிக்கும் வெயிலுக்கும் நடுவே அலைந்து சுருங்கும்; இன்றைக்கு மயிரிழை இருந்தால் அடுத்த வருஷம் இடைவெளியாகும். திருகாணித் தலைகளில் கீறல் இருந்தால் தொழிற்சாலையில் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறான். ஏன் என்று கேட்க வேண்டும். லீவரைத் திறந்து குழலின் பின்பக்கம் வெள்ளைத் தாளை வைத்து, குழல் வாய் வழியே பார்த்தால் உள்வரிகள் பளபளவென்று ஒரே சீராகச் சுழன்று போக வேண்டும். முனையில் இருக்கும் குறிமுள் நேராக நிற்க வேண்டும். பக்கவாட்டில் தோட்டா போடும் கதவின் விளிம்பு விரலைக் கிழிக்கக் கூடாது.

பிறகு டம்மி தோட்டாக்களைப் போட்டு, லீவரை மெதுவாக ஒருதரம், வெறிபிடித்தவன் மாதிரி ஒருதரம், துப்பாக்கியைச் சாய்த்து ஒருதரம் இழுக்க வேண்டும். லீவர் முழுசாக மூடாதபோது விசை வேலை செய்யக் கூடாது. கடைசியாக ஹாமர். தோட்டாவை வெடிக்க வைக்கிற சுத்தி அது, வெளியே தெரிகிற மாதிரி பின்னால் இருக்கும். முழுக்க இழுத்தால் சுடத் தயார். பாதி இழுத்து நிறுத்தினால் பத்திரம். தோட்டா உள்ளே இருந்தாலும் வெடிக்காது. அந்தப் பாதி நிலையில் வைத்து விசையை இழுத்தாலும், கட்டைவிரலால் ஹாமரை முன்னால் அமுக்கினாலும் அது விழவே கூடாது. விழாமல் தாங்குவது உள்ளே நகத்தளவு வெட்டிய ஒரு பள்ளம். வேட்டைக்காரன் துப்பாக்கியைத் தோளில் மாட்டி நடக்கும் நேரம் முழுக்க, அவனோடு வருகிறவர்களின் உயிர் அந்தப் பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

எங்கள் கடையின் பழைய வாடிக்கையாளர் அபூ சைஃப். இந்த நாட்டுக்காரர், பருந்து வளர்ப்பவர். வந்தால் பின்னறை வரைக்கும் வந்து எல்லோர் கையையும் பிடித்து நலம் விசாரிக்காமல் போக மாட்டார். அவருடைய மகள் மரியம் சுடும் கிளப்பில் பயிற்சி முடித்துத் தன் பெயரில் அனுமதி வாங்கியிருந்தாள். அப்பாவும் மகளும் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிறார்கள். அவளுக்கு அதுதான் முதல் வேட்டை. அதற்காக ஒரு லீவர் துப்பாக்கியை வரவழைக்கச் சொல்லியிருந்தார் அபூ சைஃப். கூடவே ஒரு நிபந்தனை. பெட்டியைத் திறக்கக் கூடாது. வீட்டில் விருந்து வைத்து, சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்க, மகள் தன் கையால் பிளாஸ்டிக்கைக் கிழிக்க வேண்டும்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். இங்கே புதுக் காரின் இருக்கைப் பிளாஸ்டிக்கை எத்தனையோ பேர் மாதக்கணக்கில் கிழிக்காமல் ஓட்டுகிறார்கள். பரிசு என்றால் கேட்கவே வேண்டாம், பெறுகிறவர் கைதான் முதல் கையாக இருக்க வேண்டும். நாம் மட்டும் என்ன ஒழுங்கு? டிவி ரிமோட்டை உறையோடு வைத்து, எண்கள் அழியும்வரை உறைக்கு மேலேயே அமுக்குகிற கூட்டம்தானே நாம்.

கடையைப் புதிதாகக் கவனிக்க ஆரம்பித்திருந்த சின்ன முதலாளி அபூ சைஃபுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். நல்ல பையன், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் எல்லோரையும் சந்தோஷப்படுத்திவிட வேண்டும் என்கிற அவசரம். அன்று காலை பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு பின்னறைக்கு வந்தார். எங்கள் பேச்சு அரபியும் உருதுவும் கலந்த கடைப்பேச்சு. தமிழில் எழுதுகிறேன்.

"நம்பரை மட்டும் பிளாஸ்டிக் மேலேயே பார்த்து அனுமதியோட சரிபாருங்க. திறக்க வேண்டாம். மத்தியானம் அவங்க வந்து வாங்கிக்குவாங்க," என்றார்.

இத்ரீஸ் கை கழுவிக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சேவியர், நீ என்ன சொல்கிறாய்?"

அத்தனை வருஷத்தில் அவர் என்னைக் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"திறக்கணும்," என்றேன்.

"நான் வாக்குக் குடுத்திருக்கேன்," என்றார் சின்ன முதலாளி.

"நீங்க வாக்குக் குடுத்தது பெட்டிக்கு. அந்தப் பொண்ணுக்கு யார் குடுக்கிறது?"

அவருக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "அப்படின்னா அபூ சைஃப்கிட்ட நீயே சொல்லிக்கோ."

"சொல்றேன்."

மத்தியானம் அப்பாவும் மகளும் வந்தார்கள். அனுமதி மகள் பெயரில் இருப்பதால் கையெழுத்துக்கு அவள் வந்தாக வேண்டும். நான் பெட்டியை எடுத்துப் போய் அவர்கள் முன்னால் வைத்தேன். இத்ரீஸ் பின்னறை வாசலில் சாய்ந்து நின்றார். சின்ன முதலாளி, நடக்கிறது நடக்கட்டும் என்பது போலக் கையைக் கட்டிக்கொண்டார்.

"இதை இங்கேயே திறந்து பார்க்க அனுமதி வேணும்," என்றேன்.

அபூ சைஃப் சிரித்தார். "சேவியர், கல்யாண உடுப்பைத் தையல்காரன் போட்டுப் பார்ப்பானா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் நகரவில்லை. மரியம் மட்டும் சிரிக்கவில்லை. "திறந்தால் என்ன பார்ப்பீங்க?" என்று கேட்டாள்.

"காட்டுல நடக்கிறீங்க. தோட்டா உள்ள இருக்கு, நீங்க இன்னும் சுடலை. ஹாமர் எங்க இருக்கும்?"

"பாதியில. கிளப்ல சொல்லிக்கொடுத்தாங்க."

"அதை அங்க பிடிச்சு நிறுத்துறது உள்ள இருக்கிற ஒரு சின்னப் பள்ளம். அதைச் சரியா வெட்டியிருக்கானான்னு பிளாஸ்டிக் வழியா எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு அப்பாவிடம், "இங்கேயே கிழிக்கிறேனே பாபா. அப்பவும் முதல் கை என் கைதானே," என்றாள். அவர் பதில் சொல்வதற்குள் கிழித்தும்விட்டாள்.

நான் பார்த்தேன். மரம், இரும்பு, குழல், குறிமுள், லீவர் எல்லாம் அருமை. டம்மி தோட்டாக்கள் ஒழுங்காக ஏறி ஒழுங்காக வெளியே விழுந்தன. ஹாமரைப் பாதியில் வைத்து விசையை இழுத்தேன், அமுக்கினேன். பாறை மாதிரி நின்றது. ஒரு குறையும் இல்லை.

அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. அபூ சைஃப் கிழிந்த பிளாஸ்டிக்கை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"கலாஸ்?" என்றார் சின்ன முதலாளி. முடிந்ததா என்று.

வாசலிலிருந்து இத்ரீஸின் குரல்: "மர்ரா தானி."

இன்னொரு தடவை பார்த்தேன். அப்போதும் எல்லாம் சரி. ஆனால் ஒன்று உறுத்தியது. ஹாமர் பாதிப் பள்ளத்தில் உட்காரும்போது சன்னமாக ஒரு சத்தம் வர வேண்டும். இதில் சேற்றில் கால் வைத்தது போல அமுங்கியது, சத்தமே இல்லை. தொழிற்சாலையில் துரு பிடிக்காமலிருக்கப் பூசிய கிரீஸ் உள்ளே கெட்டியாக இருந்தது. கடையின் ஏசிக் குளிரில் அது ஃப்ரிட்ஜில் வைத்த நெய் மாதிரி உறைந்திருந்தது. பள்ளம் தாங்குகிறதா, கிரீஸ் தாங்குகிறதா? அதை அந்த அறையில் வைத்துச் சொல்லவே முடியாது. இதற்காகத்தான் எங்கள் பின்னறையில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் துப்பாக்கி எதையும் கொல்லைப்புறத் தகர ஷெட்டில் போட்டு, நன்றாகச் சூடேறிய பிறகு மறுபடி பார்ப்போம். வெயில் காட்டுவது என்று நான் பெயர் வைத்திருந்தேன். ஊரில் வற்றலுக்குச் செய்வதை இங்கே துப்பாக்கிக்குச் செய்தோம்.

"வெயில் காட்டணும்," என்றேன். "கொஞ்ச நேரம் ஆகும்."

அபூ சைஃப் எழுந்துவிட்டார். வீட்டில் விருந்தாளிகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சின்ன முதலாளி துப்பாக்கிக்காகக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"சேவியர். கொடு."

"வெயில் காட்டின பிறகு தரேன்."

அவர் குரல் தாழ்ந்தது. "அப்படின்னா நாளைக்கு நீ வர வேண்டாம்."

என் விசா அந்தக் குடும்பத்தின் கையில். மகள் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் துப்பாக்கியைப் பிடித்திருந்த கை மட்டும் தளரவில்லை. போனால் போகட்டும், இதை மட்டும் சும்மா கொடுக்கப் போவதில்லை என்று மனசு கெட்டியாகிவிட்டது.

அப்போது இத்ரீஸ் உள்ளே போய்க் கை கழுவினார். சோப்புப் போட்டு, விரலிடுக்கு வரை. நாங்கள் நான்கு பேரும் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். துடைத்துக்கொண்டு வந்தவர் என்னிடமிருந்து துப்பாக்கியை வாங்கவில்லை. மூலையில் இருந்த காவா, அதாவது அரபிக் காப்பிக் கூஜாவைத்தான் எடுத்தார்.

"அபூ சைஃப், காவா குடிக்காமல் போகிறீர்களே," என்றார்.

இந்த ஊர் மரியாதை தெரிந்தவர்களுக்குப் புரியும். ஊற்ற வந்த காவாவைத் தட்டிவிட்டு விருந்தாளி போக மாட்டார். பிடியில்லாத சின்னக் கோப்பையில் கொஞ்சமாக ஊற்றுவார்கள். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். ஆட்டாமல் நீட்டினால் இன்னும் ஊற்றுவார்கள். அபூ சைஃப் உட்கார்ந்தார். நான் துப்பாக்கியைத் தகர ஷெட்டில் இரும்பு மேசைமேல் கிடத்தி, பூட்டிவிட்டு வந்தேன். ஆகஸ்ட் மாத வெயில். பூட்டைத் தொட்ட விரல் பொசுங்கியது.

முதல் கோப்பை முடிந்தது. நான் அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஆடினால் எல்லாம் முடிந்தது, நாளைக்கு நான் வேலைக்கு வர வேண்டியதில்லை. அபூ சைஃப் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். கோப்பையை ஆட்டாமல் நீட்டினார். இத்ரீஸ் ஊற்றினார். அதுவும் முடிந்தது. மறுபடியும் ஆட்டாமல் நீட்டினார். வீட்டிலிருந்து போன் வந்தபோது, "காவா குடிக்கிறேன், ஆரம்பியுங்கள்," என்று சொல்லி வைத்துவிட்டார். பேரீச்சம்பழம் வந்தது. பருந்துகளைப் பற்றிப் பேச்சு வந்தது. துப்பாக்கியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் அவர் கோப்பையை ஆட்டிக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "போய்ப் பார்ப்போம்," என்றார்.

ஷெட்டுக்குள் எல்லோரும் வந்தோம். துணி சுற்றாமல் துப்பாக்கியைத் தொட முடியவில்லை. ஹாமரின் இடுக்கிலிருந்து கிரீஸ் உருகி மேசையில் வடிந்திருந்தது. உள்ளே காலி என்று மறுபடி பார்த்தேன். ஷெட்டிலும் ஒரு மணல் பீப்பாய் உண்டு; குழலை அதன் பக்கம் திருப்பினேன். ஹாமரைப் பாதியில் நிறுத்திக் கட்டைவிரலால் அமுக்கினேன். நின்றது.

சின்ன முதலாளி பெருமூச்சு விட்டார்.

"மர்ரா தானி," என்றார் இத்ரீஸ்.

மறுபடி வைத்து அமுக்கினேன். ஹாமர் விழுந்தது. டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தகர ஷெட்டில் அது நன்றாகவே கேட்டது.

"மர்ரா தானி."

நின்றது. அடுத்த முறை விழுந்தது. அதற்கடுத்து நின்றது. எப்போதும் விழுந்திருந்தால் யாராவது எங்கேயாவது கண்டுபிடித்திருப்பார்கள். இது நினைத்தால் நின்றது, நினைத்தால் விழுந்தது. பள்ளம் ஆழமாக வெட்டப்படவில்லை. குளிரில் கெட்டிக் கிரீஸ் அதைத் தாங்கிப் பிடித்து எங்களை ஏமாற்றியிருந்தது.

மரியம் கையை நீட்டினாள். இத்ரீஸ் அவளுக்குத் துணியோடு கொடுத்தார். அவளே பாதியில் நிறுத்தி, தன் கட்டைவிரலால் அமுக்கினாள். பெரிய பலம் ஒன்றும் போடவில்லை. நடக்கும்போது ஒரு கிளை உரசினால் அவ்வளவு அமுங்கும். ஹாமர் விழுந்தது. துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுத் தன் விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அபூ சைஃப் தலைத்துணியின் நுனியால் முகத்தைத் துடைத்தார். யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "காட்டில் இவளுக்கு முன்னால் நடக்கப் போகிறவன் நான்."

மரியம் அப்பாவின் கையை வந்து பிடித்துக்கொண்டாள். அவள் அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. எனக்கே கண் எரிந்தது. உருகிய கிரீஸின் நெடி என்று வைத்துக்கொண்டேன்.

அந்தத் துப்பாக்கி திரும்பிப் போயிற்று. அதற்கான கடிதப் போக்குவரத்தைச் சின்ன முதலாளியே உட்கார்ந்து செய்தார். மறுநாள் நான் வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்று குழம்பி, வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துத்தான் போனேன். வாசலில் நின்றிருந்த சின்ன முதலாளி கடிகாரத்தைப் பார்த்து, "ஏன் லேட்?" என்றார். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

இத்ரீஸ் அன்றும் நன்றாகச் செய்தாய் என்று சொல்லவில்லை. மாற்றுத் துப்பாக்கி வந்தபோது அபூ சைஃபே போன் செய்தார். "பிளாஸ்டிக் எனக்கு வேண்டாம். முதலில் சேவியர் கை, பிறகு என் மகள் கை," என்றார். அதை இத்ரீஸ் என்னிடம் சொன்னது பச்சைத் துணியை மேசையில் விரித்துக்கொண்டே, முகத்தைக்கூடத் திருப்பாமல். ஆனால் அன்றைக்குத் தண்ணீர்க் குழாயை எனக்காகத் திறந்துவிட்டு, முதலில் நீ கழுவு என்று ஒதுங்கி நின்றார். அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை எங்கள் கடையிலிருந்து ஒட்டுப் பிரிக்காத பெட்டி ஒன்றுகூட வெளியே போனதில்லை.

இவ்வளவையும் எழுதி முடித்துத் தவமணிக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"அந்த மனேஜர்ட்ட தரம், தொழிற்சாலை, செக்கிங்னு எதுவும் பேசாத," என்றேன். "வாங்க வாரவங்கள்ட்ட ஒரே ஒரு கேள்வி கேளு. வேட்டையில உங்களுக்கு முன்னால யாரு நடப்பாங்கன்னு கேளு. அது போதும்."

"கேட்டுப் பாக்கிறன் அண்ண," என்று வைத்துவிட்டார். என்ன ஆயிற்றோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேற்று மத்தியானம் போன் வந்தது. பின்னால் சூட்டில் தகரம் படபடக்கும் சத்தம். தகர ஷெட்டிலிருந்து பேசுகிறார் என்று அதை வைத்தே தெரிந்துகொண்டேன்.

"அண்ண, ஒருத்தர் வந்தவர். ஃபோனை ஸ்டாண்டில வச்சு, வீடியோவும் ஓடிக்கொண்டிருக்கு. நான் பயந்து பயந்துதான் கேட்டனான், உங்களுக்கு முன்னால ஆர் நடப்பினம் எண்டு. என்ர தம்பி எண்டவர். பிறகு வீடியோவ நிப்பாட்டிப்போட்டு, நீங்களே திறவுங்கோ எண்டு பெட்டிய என்ர பக்கம் தள்ளிவிட்டார். மனேஜர் பாத்துக்கொண்டுதான் நிண்டவர், தடுக்கேல்ல."

"திறந்தியா?"

"திறந்திட்டன். வெயிலும் காட்டியாச்சு. குறை ஒண்டும் இல்ல அண்ண, எல்லாம் வடிவாத்தான் இருக்கு."

"மர்ரா தானி," என்றேன்.

போனை எங்கேயோ வைக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு லீவர் திறக்கும் சத்தம்.